கடற்பூதச் சண்டையை வரைவது எப்படி? அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

காவிரிக் கரையில் பிள்ளைகளுக்கு ஓவியம் சொல்லிக்கொடுக்கிறேன். விருப்பப்பட்டதை வரையலாம் என்று சொன்னால் பாதிப் பேர் ஒரே காட்சிக்குத்தான் போகிறார்கள்: நடுக்கடலில் ஒரு கப்பல், அதை மறித்து எழும் ஒரு பூதம், கப்பலில் வில்லும் ஈட்டியுமாக ஆட்கள். ஆசையாக ஆரம்பித்துவிட்டு, பாதியில் "சரியா வரலை சார்" என்று தாளைச் சுருட்டி வைத்துவிடுகிறார்கள். எனக்கு அது மனசுக்குக் கஷ்டமாக இருக்கும். அந்தப் படங்களில் பலவற்றில் கோடு நன்றாகவே இருக்கும். தண்ணீரும் எடையும்தான் தப்பாக இருக்கும், அதை நேரத்தோடு சொல்ல ஆள் இருந்திருக்காது.

பிள்ளைகளும் அவர்கள் வீட்டாரும் திரும்பத் திரும்பக் கேட்பவற்றுக்கு இங்கே பதில் எழுதியிருக்கிறேன். எடுத்துக்காட்டுக்கு ஒரே படத்தை வைத்துக்கொள்வோம்: பூம்புகாருக்கு வெளியே, சோழர் காலக் கப்பல் ஒன்றைக் கடற்பூதம் தாக்குகிறது.

முதலில் எதை வரைவது? பூதத்தையா, கப்பலையா?

இரண்டையும் வேண்டாம். எந்த நொடியை வரையப் போகிறோம் என்று முதலில் முடிவு செய்யுங்கள். பூதம் நீருக்குள் நிழலாகத் தெரியும் நொடி, அது எழுந்து கப்பலைப் பிடிக்கும் நொடி, பாய்மரம் முறியும் நொடி, எல்லாம் முடிந்து பலகைகள் மிதக்கும் நொடி. நாலும் நாலு தனிப் படம். ஒரே தாளில் நாலையும் திணித்தால் எதுவும் நிற்காது. அடி விழுவதற்குச் சற்று முந்தைய நொடிதான் எனக்குப் பிடித்தது. பார்ப்பவர் மனம் மீதியைத் தானே நடத்திக்கொள்ளும்.

நொடியைத் தீர்மானித்ததும் தீப்பெட்டி அளவுக் கட்டங்கள் போட்டு, ஒவ்வொன்றிலும் கப்பலுக்கு ஒரு கறுப்புத் துண்டு, பூதத்துக்கு ஒரு கறுப்புத் துண்டு என்று மட்டும் வையுங்கள். கண், பல், செதில் எதுவும் கூடாது. கட்டத்துக்கு ஒரு நிமிடம் போதும். அந்த அளவில் பார்த்தே சண்டை தெரிகிறது என்றால் பெரிய தாளுக்குப் போகலாம்.

பூதத்துக்கு உருவம் எங்கிருந்து எடுப்பது?

டெல்டாவில் இருப்பவர்களுக்கு இதற்குப் பஞ்சமே இல்லை. விடிகாலையில் நாகப்பட்டினம் மீன்பிடித் துறைமுகத்துக்கு ஒரு நோட்டுப் புத்தகத்தோடு போங்கள். ஏலத்துக்கு நடுவில் நிற்காமல் ஓரமாக நின்று கூடைகளைப் பாருங்கள். ஓட்டுக்கணவாயின் (கட்டில்ஃபிஷ்) கண்மணி வட்டமாக இருக்காது, வளைந்து மடங்கிய ஒரு கோடாக இருக்கும். அந்தக் கண்ணை அப்படியே பெரிதாக்கிப் பூதத்துக்கு வைத்தால் முறைப்பதற்குப் புருவமே வேண்டாம். பேய்க்கணவாய்க்கு (ஆக்டோபஸ்) கை எட்டு. ஊசிக்கணவாய்க்கும் (ஸ்க்விட்) ஓட்டுக்கணவாய்க்கும் கை எட்டு, அதற்கு மேல் இரையைப் பிடிக்க நீளமான இரண்டு. பேய்க்கணவாயின் உறிஞ்சிகள் வெறும் சதைக் கிண்ணங்கள். ஊசிக்கணவாயின் உறிஞ்சிகளுக்குள் பல் வைத்த வளையம் இருக்கும். மரத்தைப் பிடித்துக் கிழிக்கும் கை வேண்டுமென்றால் அந்தப் பல் வளையம்தான் உங்களுக்கு வேண்டியது. கை மடங்குவதற்கு முட்டி கிடையாது, எந்த இடத்திலும் வளையும். பிள்ளைகள் பெரும்பாலும் அதைத் தோட்டத்து ரப்பர் குழாய் போல ஒரே தடிமனில் போட்டுவிடுகிறார்கள். அடியில் தடித்து நுனியில் மெலிய வேண்டும். பிடித்து இறுக்கும் இடத்தில் சதை பிதுங்க வேண்டும்.

திருக்கையின் அடிப்பக்கம், விலாங்கின் வழுவழுப்பு, கொம்பன் சுறாவின் தலை எல்லாவற்றையும் குறித்துக்கொள்ளுங்கள். கடல் பாம்பின் வால் நிலத்துப் பாம்பினுடையதைப் போல உருண்டு மெலியாது, பக்கவாட்டில் தட்டையாகித் துடுப்பாக இருக்கும். நீளப் பூதம் வரைபவர்களில் பலர் விடும் இடம் இதுதான். பாம்பு உடம்பை வரைந்து நுனியை ஊசியாக்கிவிட்டால், இது எப்படி நீந்துகிறது என்ற கேள்வி பார்ப்பவர் மனதில் எழும்.

வால் பற்றி இன்னொன்று. மீனும் சுறாவும் வாலைப் பக்கவாட்டில் வீசும், அவற்றின் வால் துடுப்பு செங்குத்தாக நிற்கும். திமிங்கிலமும் ஓங்கிலும் (டால்பின்) வாலை மேலும் கீழும் அடிக்கும், துடுப்பு படுக்கையாக இருக்கும். உங்கள் பூதம் எந்த வகை என்று தீர்மானித்துவிட்டு அதிலிருந்து மாறாதீர்கள்.

கடற்கரை முடிந்ததும் கோயிலுக்கு வாருங்கள். வெவ்வேறு விலங்குகளை ஒட்டி ஒரே உயிராக நம்ப வைப்பதில் நம் சிற்பிகளைத் தாண்டிய ஆசான் எனக்குத் தெரியாது. யாளிக்குச் சிங்க உடம்பு, சிலவற்றில் யானைத் துதிக்கை. மகரத்துக்கு முதலை வாய், துதிக்கை, தோகையாக விரியும் வால். தஞ்சைப் பெரிய கோயிலிலும் கங்கைகொண்ட சோழபுரத்திலும் மாடங்களுக்கு மேலே மகர தோரணங்கள் இருக்கின்றன. புள்ளமங்கைக் கோயிலின் தோரணங்கள் சின்னவை, ஆனால் அவற்றில் உள்ள வேலை அபாரம். எந்த இடத்தில் ஒரு விலங்கு முடிந்து இன்னொன்று தொடங்குகிறது என்று தேடிப் பாருங்கள், கண்டுபிடிக்க முடியாது. கழுத்து மடிப்பு, பிடரி மயிர், இலைக்கொடி ஏதாவது ஒன்றை அந்த இணைப்பின் மேல் ஓடவிட்டிருப்பார்கள். நீங்களும் அதையே செய்யலாம்: திருக்கைத் தோல் விலாங்கு உடம்பில் சேரும் இடத்தில் செவுள் மடிப்புகளைப் போடுங்கள்.

பூதம் பெரியது என்று எப்படிக் காட்டுவது? தாள் முழுக்க வரைந்தும் பெரிதாகத் தெரியவில்லையே?

தாளை நிரப்பினால் பெரிதாகிவிடாது. தொடுவானக் கோடுதான் இதில் கணக்குப்பிள்ளை. தண்ணீர் விளிம்பில் நிற்பவரின் கண் கடல் மட்டத்துக்கு 5 அடி மேலே இருக்கிறது என்று வையுங்கள். அவர் பார்வையில் தொடுவானக் கோடு, கடலில் இருக்கும் ஒவ்வொரு படகையும் நீர்மட்டத்துக்கு ஏறத்தாழ 5 அடி மேலே வெட்டும். படகு கிட்டே இருந்தாலும் சரி, எட்டி இருந்தாலும் சரி. கோட்டுக்கு மேலே தலை தூக்குவது எதுவோ அது அவரைவிட உயரம்.

அதனால் கோட்டைத் தாளின் அடிப்பக்கமாக இறக்குங்கள். பூதத்தின் தோளும் தலையும் வானத்தில் நிற்கட்டும். கோட்டை மேலே ஏற்றினால் நாம் பறவை மாதிரி மேலிருந்து பார்க்கிறோம், எவ்வளவு பெரிய மிருகமும் தண்ணீரில் கிடக்கும் பொம்மையாகிவிடும். கண்ணுக்குப் பழகிய அளவு ஒன்றும் பக்கத்தில் இருக்க வேண்டும்: ஒரு மனிதன், ஒரு கடற்காகம், இன்றைய கதை என்றால் ஏறத்தாழ 30 அடி நீளமுள்ள ஃபைபர் படகு. பூதத்தின் ஒரு பகுதி தாள் விளிம்பில் அறுபட்டு வெளியே போகட்டும். முழுசாகத் தெரிவதற்கு ஓர் அளவு வந்துவிடும்.

கதையை எந்தக் கடலில் வைப்பது என்பதும் இதில் சேரும். கோடியக்கரைக்கு வடக்கே திறந்த வங்கக் கடல். கரையை விட்டு விலக விலக ஆழம் இருக்கிறது, எதையும் ஒளித்து வைக்கலாம். கோடியக்கரை தாண்டி முத்துப்பேட்டைப் பக்கம் வந்தால் பாக் நீரிணை, ஆழம் குறைவு. பத்துப் பதினைந்து மீட்டர் தண்ணீரில் மலை போன்ற மிருகம் திடீரென்று எழ முடியாது, முதுகு எப்போதும் வெளியே தெரிந்துகொண்டிருக்கும். அங்கே வேறு மாதிரிப் பூதம் வேண்டும்: தட்டையாகச் சேற்றில் படுத்திருப்பது, அலையாத்திக் காட்டு வேர்களுக்கு இடையே நீள்வது. எனக்கென்னவோ அந்தப் பூதத்தை யாராவது நன்றாக வரைந்து பார்க்க வேண்டும் என்று ரொம்ப நாள் ஆசை.

சோழர் கப்பல் எப்படி இருந்தது?

1025-இல் ராஜேந்திர சோழன் கடாரம் வரை கடற்படை அனுப்பினான். அந்தக் கப்பல்கள் என்று இணையத்தில் உலவும் படங்களில் பெரும்பாலானவை பிற்காலத்தில் கற்பனையாக வரைந்தவை. அவற்றைப் பார்த்து வரையாதீர்கள். பழைய சான்றுகளுக்குப் போங்கள். சாதவாகனர் காசுகளில் இரட்டைப் பாய்மரக் கப்பல் இருக்கிறது. அஜந்தா 2-ஆம் குகை ஓவியத்தில் மூன்று பாய்மரங்கள். ஜாவாவின் போரோபுதூர் சிற்பங்களில் பக்கவாட்டுத் தாங்கு மரம் வைத்த கப்பல்கள். பலகைகளைக் கயிற்றால் தைத்துக் கட்டும் முறை இந்தியப் பெருங்கடல் முழுக்க இருந்தது. அந்தத் தையலை வரைந்தால் ஓவியத்துக்கு நல்ல வாய்ப்பு கிடைக்கும், பூதம் இழுக்கும்போது பலகைகள் தையல் விட்டுப் பிரியலாம்.

பீரங்கி மட்டும் வேண்டாம். சோழர் கப்பலில் பீரங்கி ஓட்டைகள் போட்ட படம் மாதத்துக்கு ஒன்றாவது என் மேசைக்கு வந்துவிடுகிறது. வெடிமருந்தும் புகையும் வேண்டுமென்றே ஆசை இருந்தால் கதையைத் தரங்கம்பாடிக்கு நகர்த்துங்கள். டேனிஷ்காரர்கள் 1620-இல் அங்கே கோட்டை கட்டினார்கள். அந்தக் காலத்துக் கப்பலில் பீரங்கி பொருந்தும், பின்னணிக்குக் கோட்டையும் கிடைக்கும்.

அலை வரைந்தால் ஏன் நடுக்கடல் மாதிரி இல்லை?

கரை அலையை வரைந்திருப்பீர்கள். நாம் தினம் பார்ப்பது அதைத்தானே. சுருண்டு மடிந்து விழும் அலை, ஆழம் குறையும் இடத்தில்தான் அப்படி உடையும். நடுக்கடலில் நீர் மேடும் பள்ளமுமாக ஏறி இறங்கும், காற்று பலமானால் மேட்டின் உச்சியில் மட்டும் நுரை சிதறும். ஆழ்கடலில் சுருண்டு விழும் அலை ஒன்றை வரைந்தால், கடலுக்குப் போகிறவர்கள் பார்த்தவுடனே "இது கரைதானே" என்பார்கள்.

பூதம் எழும் இடத்தில் நீர் முதலில் குவிந்து மேலெழும், அப்புறம் வழியும். வழியும் நீர் உடம்பின் வளைவுகளைப் பின்பற்றி ஓடும். அதனால் அந்த நீர்க்கோடுகளை வைத்தே உடம்பின் உருட்சியைக் காட்டிவிடலாம், நிழல் போட்டுக் கறுப்பாக்கத் தேவையில்லை.

காற்றை ஒரு திசையில் வைத்துக்கொள்ளுங்கள். பாய் ஒரு பக்கம் புடைத்து, கொடி எதிர்ப்பக்கம் பறந்து, நுரை மூன்றாவது பக்கம் சிதறும் படங்கள் நிறைய வருகின்றன. வாடைக் காலம் என்று முடிவு செய்தால் காற்று வடகிழக்கிலிருந்து வரும், வானம் மூடியிருக்கும், எல்லாமே அதற்குக் கட்டுப்பட வேண்டும்.

நிறம்? நீலத்தை மட்டும் நம்பாதீர்கள். ஐப்பசி, கார்த்திகையில் கொள்ளிடத்தில் வெள்ளம் வந்தால் பழையாறு முகத்துவாரத்துக்கு வெளியே கடல் செம்மண் நிறத்துக்கு மாறிவிடும். அந்தப் பழுப்பு நீரும் கடலின் சாம்பல் பச்சையும் சேரும் கோட்டின் மேல் ஒரு பூதத்தை எழுப்பிப் பாருங்கள். டெல்டாக் கடல் இதுதான் என்று ஊர்க்காரர் யாரும் சொல்லிவிடுவார்.

வெளிச்சம் எந்தப் பக்கத்திலிருந்து வர வேண்டும்?

நம் கடல் கிழக்கே இருக்கிறது. கரையிலிருந்து பார்ப்பவருக்கு விடியலில் சூரியன் பூதத்தின் முதுகுக்குப் பின்னால் இருக்கும். உருவம் கறுத்து, விளிம்பு மட்டும் மின்னும். சாயங்காலம் வெளிச்சம் நம் முதுகுப் பக்கமிருந்து வரும், ஒவ்வொரு செதிலும் தெரியும், ஆனால் பயம் குறைந்துவிடும். பௌர்ணமி அன்று பொழுது சாயும் நேரம்தான் எனக்கு மிகப் பிடித்தது. மேற்கில் செம்மை அடங்கியிருக்காது, கிழக்கில் கடலிலிருந்து நிலா ஏறும். பூதத்தின் முகத்தில் செம்மை, முதுகு விளிம்பில் வெள்ளி.

சண்டை நடப்பது போலவே இல்லை. இரண்டும் நின்று பேசிக்கொண்டிருப்பது போல் இருக்கிறது. என்ன செய்வது?

கப்பல் இடப்பக்கம், பூதம் வலப்பக்கம், இரண்டும் ஒரே உயரம், நடுவில் காலியிடம். இதுதானே உங்கள் ஸ்கெட்ச்? ஒன்றின் விசை மற்றொன்றில் தெரிய வேண்டும். கை கப்பலின் வலப்பக்கத்தைப் பிடித்து இழுத்தால் அந்தப் பக்கம் தாழும், எதிர்ப்பக்கம் உயர்ந்து கப்பலின் அடிப்பாகம் தெரியும், பாய்மரம் சாயும், தளத்தில் கட்டாமல் கிடக்கும் பானையும் கயிறும் உருளும், ஆட்கள் உயர்ந்த பக்கத்து விளிம்பைப் பிடித்துத் தொங்குவார்கள். இழுப்பதற்குப் பூதமும் எதிலாவது ஊன்ற வேண்டும், உடம்பைப் பின்னுக்குச் சாய்க்க வேண்டும்.

தஞ்சைப் பெரிய கோயிலின் உள்சுற்றில் திரிபுராந்தகர் ஓவியம், அதாவது முப்புரம் எரித்த சிவனின் ஓவியம், இருக்கிறது. 1931-இல் எஸ். கே. கோவிந்தசாமி அங்கே சோழர் ஓவியங்களைக் கண்டறிந்தார். நாயக்கர் கால ஓவியப் பூச்சுக்கு அடியில் அவை மறைந்திருந்தன. அந்தச் சுற்றுக்குள் எல்லாரையும் விடுவதில்லை, ஆனால் அச்சில் வந்த நல்ல பிரதிகள் கிடைக்கும். தேரில் எட்டுக் கைகளோடு சிவன், எதிரே அசுரர் கூட்டம். சண்டைப் படம் வரைய நினைக்கும் யாரும் இதன் முன் ஒரு மணி நேரமாவது உட்கார வேண்டும். சிவனின் உடம்பு முழுக்க ஒரு சாய்கோட்டில் வில்லாக நிற்கிறது. எதிர்ப்பக்கம் அசுரர்களின் ஆவேசத்தோடு, அவர்களைப் பற்றிக்கொண்டு கலங்கும் பெண்களும் இருக்கிறார்கள். அம்பு இன்னும் படவில்லை. ஆனால் என்ன நடக்கப் போகிறது என்பது அந்தப் பெண்களின் முகத்தில் எழுதியிருக்கிறது. உங்கள் கப்பலிலும் ஈட்டி எறிபவன் ஒருவன் போதும், மற்றவர்கள் அந்த ஈட்டி எங்கே போய் விழும் என்பதை முகத்தால் சொல்லட்டும்.

ஸ்கெட்சை எந்தக் கட்டத்தில் மற்றவர்களிடம் காட்டலாம்?

கறுப்புத் துண்டுகளாக இருக்கும்போதே. செதில் செதிலாக முடித்த பிறகு காட்டினால் உங்களுக்கும் மாற்ற மனசு வராது, பார்ப்பவருக்கும் குறை சொல்ல மனசு வராது. தொடுவானம், இடம், எடை பற்றிய கருத்துகள் முதல் கட்டத்தில். உடல் அமைப்பு, கப்பல் அமைப்பு பென்சில் கோட்டில். நிறமும் நுணுக்கமும் கடைசியில்.

யாரிடம் காட்டுவது?

படம் வரைபவர் ஒருவர், கடல் தெரிந்தவர் ஒருவர், பத்து வயதுக்குள் ஒரு குழந்தை. இந்த மூவரும் மூன்று விதமான தப்பைக் கண்டுபிடிப்பார்கள். வரைபவர் கும்பகோணம் அரசு கவின் கலைக் கல்லூரியில் படிப்பவராக இருக்கலாம், உங்கள் பள்ளி ஓவிய ஆசிரியராக இருக்கலாம்.

கடல் தெரிந்தவரை விட்டுவிடாதீர்கள். பிளஸ் டூ படிக்கும் மாணவி ஒருத்தி தன் ஸ்கெட்சைத் தரங்கம்பாடியில் வலை பின்னிக்கொண்டிருந்த ஒரு பெரியவரிடம் காட்டினாள். நானும் கூட இருந்தேன். பூதத்தைப் பற்றி அவர் ஒரு வார்த்தை சொல்லவில்லை. கப்பலின் மேல் விரலை வைத்து, "இவ்ளோ வெயிட்டு இந்தப் பக்கம் ஏறிருக்கு, படகு நேரா நிக்குதே பாப்பா. இந்நேரம் கவுந்திருக்கணுமே" என்றார். அப்புறம் பாயைக் காட்டி, "காத்து இப்படி அடிச்சா இவனுங்க பாயை இறக்காம என்ன பண்றானுங்க?" ஓவியம் படித்த நாங்கள் யாரும் அதைக் கேட்டிருக்கவில்லை.

என்ன கேட்டால் உருப்படியான பதில் கிடைக்கும்?

"எப்படி இருக்கு?" என்று கேட்டால் "சூப்பர்" என்றுதான் பதில் வரும். படத்தைச் சில நொடி மட்டும் காட்டிவிட்டு மூடுங்கள். முதலில் கண் எங்கே போனது, யார் ஜெயிக்கிறார்கள், அடுத்து என்ன நடக்கும், பூதம் எவ்வளவு உயரம் என்று கேளுங்கள். விளக்கம் சொல்லாதீர்கள். "அது ஏன்னா..." என்று நீங்கள் ஆரம்பித்தால் அந்த விளக்கம் தாளில் இல்லை என்று அர்த்தம். சொல்வதை அவர்கள் வார்த்தையிலேயே தாளின் பின்பக்கம் எழுதிக்கொள்ளுங்கள்.

ஆளுக்கு ஒன்று சொல்கிறார்கள். யார் பேச்சைக் கேட்பது?

எங்கே உறுத்துகிறது என்று சொன்னால் நம்புங்கள். எப்படிச் சரிசெய்வது என்று சொன்னால் யோசியுங்கள். அந்த மாணவியின் ஸ்கெட்சையே எடுத்துக்கொள்வோம். வரைபவர் ஒருவர் "பூதத்தின் தலையைப் பெரிதாக்கு" என்றார். தலை சின்னதாக இல்லை, நான் அளந்தே பார்த்தேன். தலைக்குப் பின்னால் இருந்த மேகமும் தலையும் ஒரே சாம்பல் நிறம், அதனால் தலை மேகத்தில் கரைந்திருந்தது. மேகத்தை வெளிறவிட்டதும் தலை தானாக முன்னால் வந்தது. கண்ணைப் பாதி மூடிப் பார்த்தாலோ போனில் கறுப்பு வெள்ளையாகப் படம் எடுத்தாலோ இது உடனே தெரியும்.

அவளுடைய தம்பி படத்தைப் பார்த்து "யானை ஏன் கடல்ல இருக்கு?" என்று கேட்டான். யாளியிலிருந்து அவள் எடுத்த துதிக்கை அவனுக்கு யானையாகவே தெரிந்திருக்கிறது. துதிக்கையை எடுத்துவிடு என்று சிலர் சொன்னார்கள். அவள் எடுக்கவில்லை. அதன் அடிப்பக்கத்தைத் தட்டையாக்கி உறிஞ்சிகளை வைத்தாள், நுனியை ஊசிக்கணவாயின் நீளக் கை போல அகலமாக்கினாள். அடுத்த தடவை அவன் யானை என்று சொல்லவில்லை, "இது எதைச் சாப்பிடும்?" என்று கேட்டான். சரியான வழியில் போகிறோம் என்பதற்கு அந்தக் கேள்வி போதும்.

பெரியவர் சொன்னதற்காகக் கப்பலை முழுக்க அழித்துச் சாய்த்து வரைந்தாள், பாயைப் பாதி இறக்கினாள். பாயை இறக்க ஒருவன் கயிற்றோடு போராடுகிறான். முதல் ஸ்கெட்சில் அந்த ஆள் இல்லை. இப்போது படத்திலேயே உயிருள்ள ஆள் அவன்தான்.

மூன்று பேர் தனித்தனியே ஒரே இடத்தைத் தொட்டால் அந்த இடத்தை மாற்றியே ஆக வேண்டும். ஒருவர் மட்டும் சொன்னது, அதிலும் அவர் ரசனை சார்ந்தது என்றால், நன்றி சொல்லிவிட்டு உங்கள் வழியில் போகலாம்.

பெரிய அலை கப்பலை மூடுவது போல் வரைந்தேன். பாட்டி பார்த்துவிட்டு எழுந்து போய்விட்டார். அப்படி வரையக் கூடாதா?

வரையலாம். ஆனால் எந்த ஊரில் இருந்து வரைகிறோம் என்பது நினைவில் இருக்கட்டும். 2004 டிசம்பர் 26 அன்று வந்த சுனாமியில் நாகப்பட்டினம் மாவட்டத்தில் மட்டும் 6,000-க்கும் மேற்பட்டவர்கள் இறந்தார்கள். உங்கள் வயதுக்கு அது கேள்விப்பட்ட செய்தி, பாட்டிக்கு அப்படி இல்லை. கருத்துக் கேட்கப் போகும்போது, படத்தில் என்ன இருக்கிறது என்று முதலில் வாயால் சொல்லுங்கள், பார்க்கலாமா என்று கேளுங்கள். கரையையும் வீடுகளையும் விழுங்கும் அலையை, வெறும் பரபரப்புக்காக நான் வகுப்பில் வரையச் சொல்ல மாட்டேன். நடுக்கடலில் பூதம் எழுப்பும் அலை வேறு விஷயம். அதிலும் பூதத்தின் உடம்பிலிருந்து அலை புறப்படுவது தெளிவாகத் தெரியட்டும்.

இணையத்தில் கிடைக்கும் படத்தைப் பார்த்து வரையலாமா?

புகைப்படத்தில் இருந்து உறிஞ்சி எப்படி இருக்கிறது, கயிறு எப்படித் தொங்குகிறது என்று கற்றுக்கொள்ளலாம். இன்னொருவர் ஓவியத்தின் அமைப்பையே எடுத்து, பூதத்தை மட்டும் மாற்றி உங்கள் பெயரைப் போடக் கூடாது. பயிற்சிக்காகப் பிரதி எடுத்தால் யாருடையதைப் பார்த்து வரைந்தது என்று கீழே எழுதுங்கள்.

பென்சிலா, டேப்லெட்டா?

கையில் இருப்பது. எச்பி, 2பி, 6பி பென்சிலும் ஒரு மிருதுவான ரப்பரும் இருந்தால் முழுப் படத்தையும் முடிக்கலாம். டிஜிட்டல் என்றால் கிருட்டா என்ற ஓவிய மென்பொருள் இலவசம். போட்டிக்கோ அச்சுக்கோ ஏ3 அளவில் கொடுக்க வேண்டுமென்றால் ஆரம்பத்திலேயே 300 டிபிஐ வைத்து, 3508-க்கு 4961 பிக்சல் தாளைத் திறந்துகொள்ளுங்கள், கடைசியில் பெரிதாக்கினால் கோடு மங்கும். டிஜிட்டலில் பெரிய வசதி, படத்தை இடவலமாகப் புரட்டிப் பார்க்கலாம். தாளில் வரைபவர்கள் முகம் பார்க்கும் கண்ணாடியில் காட்டிப் பாருங்கள், சாய்ந்திருக்கும் பாய்மரமும் கோணல் கண்ணும் உடனே தெரிந்துவிடும்.

மை பிடிக்கும் என்றால் செபியா நிறத்தில் ஒரு தடவை முயன்று பாருங்கள். அந்தப் பழுப்பு மை ஒரு காலத்தில் கணவாயின் மைப்பையிலிருந்தே எடுக்கப்பட்டது. கணவாய்ப் பூதத்தைக் கணவாய் நிறத்தில் வரைவதில் எனக்கு ஒரு தனி சந்தோஷம்.

எப்போது திருத்துவதை நிறுத்துவது?

புதிதாகப் பார்ப்பவர்கள் படத்தின் தப்பைப் பேசாமல் கதையைப் பேசத் தொடங்கியதும்.

நண்பன் ஸ்கெட்சைப் பார்த்துக் கருத்துச் சொல்லச் சொல்கிறான். நானே அவன் தாளில் திருத்தி வரைந்து காட்டலாமா?

அவன் தாளில் வேண்டாம். மேலே ஒரு டிரேசிங் தாளை வைத்து, கிளிப் போட்டு, அதில் வரையுங்கள். முதலில் எது நன்றாக இருக்கிறது என்று இடம் சுட்டிச் சொல்லுங்கள், இல்லாவிட்டால் திருத்தும்போது அதையும் அழித்துவிடுவான். அப்புறம் ஒரே ஒரு பெரிய விஷயத்தை மட்டும் எடுங்கள்: கப்பல் சாயவில்லை, அல்லது தொடுவானம் உயரத்தில் இருக்கிறது. பத்துக் குறையை ஒன்றாக அடுக்கினால் எதிலிருந்து தொடங்குவது என்று தெரியாமல் பென்சிலை வைத்துவிடுவான். வரைந்து காட்டிய டிரேசிங் தாளை அவனிடமே கொடுத்துவிடுங்கள். ஒட்டிப் பார்ப்பதா, எடுத்துப் போடுவதா என்பதை அவன் முடிவு செய்யட்டும்.